திரை போனால் மடிக்கணினியே போய்விட்டதா?

மடிக்கணினியின் திரையில் விரிசல் விழுந்து, அதைச் சுற்றிக் கறுப்புத் திட்டு பரவத் தொடங்கியதும் பெரும்பாலான வீடுகளில் எடுக்கப்படும் முடிவு ஒன்றுதான்: பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்கிவிடலாம். அந்த இயந்திரத்தின் செயலி நன்றாகத்தான் ஓடுகிறது. விசைப்பலகையில் ஓர் எழுத்துகூடப் பழுதில்லை. சேமித்து வைத்த படங்களும் பாடங்களும் கணக்குகளும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. போனது ஒரே ஒரு பாகம். கண்ணுக்கு நேரே இருக்கும் பாகம் என்பதால், அது இருண்டதும் கணினியே முடிந்துவிட்டதாக மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறானது. பழைய மடிக்கணினிகளில் அடிபட அதிக வாய்ப்புள்ள பாகங்களில் ஒன்று திரை; சுலபமாகக் கழற்றி மாற்றக்கூடிய பாகங்களில் ஒன்றும் அதுவே. இந்தச் சுலபம் தானாக வந்துவிடவில்லை. அதை வடிவமைத்தவர்கள் எடுத்த சில முடிவுகளால் வந்தது. இன்று வேறு சில முடிவுகளால் அது நம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே இரண்டு விஷயங்களை வலியுறுத்த வேண்டியிருக்கிறது. பழைய கணினியின் திரை போனால் அதை மாற்றுவதையே முதலில் யோசிக்க வேண்டும். புதிது வாங்குவது கடைசி வழியாக இருக்கட்டும். அடுத்த கணினி வாங்கும்போது, திரையை மாற்ற முடிகிற கணினியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

திரை ஏன் உடைகிறது, உடைந்ததை ஏன் ஒட்ட முடியாது என்பதிலிருந்து தொடங்கலாம். எல்.சி.டி. திரை என்பது இரண்டு மெல்லிய கண்ணாடித் தாள்களுக்கு நடுவே திரவப் படிகத்தை அடைத்து உருவாக்கிய அடுக்கு. அந்தக் கண்ணாடிகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாதவை. திரவப் படிகம் தானாக ஒளிர்வதில்லை. பின்னால் விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சத்தை விடுவதும் தடுப்பதும்தான் படிகத்தின் வேலை. கண்ணாடியில் பதித்த நுண்ணிய டிரான்சிஸ்டர்கள் மின்னழுத்தத்தைக் கொடுக்கும்போது படிக மூலக்கூறுகளின் கோணம் மாறுகிறது. சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைக் கடந்து வரும் ஒளி நமக்குப் படமாகிறது. பழைய கணினிகளில் பரவலாக இருந்த 1366 க்கு 768 என்ற அளவுத் திரையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறம் என்று கணக்கிட்டால் 31 லட்சத்துக்கும் அதிகமான டிரான்சிஸ்டர்கள் ஒரே கண்ணாடியில் குடியிருக்கின்றன. விசைப்பலகைமேல் பேனாவையோ இயர்போனையோ மறந்து வைத்து மூடியை அழுத்தினால், அல்லது திரையின் ஒரு மூலையைப் பிடித்துக் கணினியைத் தூக்கினால், அந்த அழுத்தம் முழுவதும் கண்ணாடியின் ஒரே இடத்தில் இறங்குகிறது. கண்ணாடி விரிந்ததும் படிகத்தின் ஒழுங்கு குலைகிறது. ஒளி அடைபட்டுக் கறுப்புத் திட்டு தோன்றுகிறது. இதற்கு மருந்தோ பசையோ கிடையாது. பேனலை முழுதாக மாற்றுவது ஒன்றே வழி.

ஆனால் திரை இருண்டால் அதற்குப் பேனல்தான் காரணம் என்று உடனே சொல்லிவிடவும் முடியாது. பாகம் வாங்குவதற்கு முன் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது பாதி வேலை. எச்.டி.எம்.ஐ. அல்லது வி.ஜி.ஏ. கேபிளால் கணினியை வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பார்க்கலாம். அதில் படம் தெளிவாக வந்தால் மதர்போர்டும் கிராபிக்ஸ் சில்லும் நலம்; கோளாறு திரையிலோ அதற்குப் போகும் கேபிளிலோ இருக்கிறது. தொலைக்காட்சியிலும் அதே கோடுகள் விழுந்தால் திரையை மாற்றிப் பயனில்லை. 2008-ல் என்விடியா நிறுவனம் தன் சில மடிக்கணினி கிராபிக்ஸ் சில்லுகள் அளவுக்கு மீறிப் பழுதாவதை ஒப்புக்கொண்டு, பழுதுச் செலவுக்காகப் பல கோடி டாலர் ஒதுக்கியது. சில்லின் குற்றமும் திரையில்தான் தெரியும் என்பதற்கு அது நல்ல சாட்சி. மூடியை முன்னும் பின்னும் அசைக்கும்போது படம் வந்து வந்து போனால், கீல் வழியாகச் செல்லும் கேபிள் நைந்திருக்கலாம். அதன் விலை பேனலின் விலையைவிடக் குறைவு. திரை இருண்டிருக்கும்போது டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தால் மங்கலாகப் படம் தெரிகிறதா? அப்படியானால் படிக அடுக்கு வேலை செய்கிறது, பின்விளக்குதான் எரியவில்லை. பல டெல் கணினிகளில் ‘டி’ விசையை அழுத்திக்கொண்டே மின்விசையை இயக்கினால் திரை தன்னைத்தானே சோதித்து, முழுத்திரை நிறங்களை ஒவ்வொன்றாகக் காட்டும். இந்தச் சோதனைகளுக்குச் செலவில்லை. இவற்றைச் செய்யாமல் கடைக்குப் போவதால்தான் கேபிளை மாற்ற வேண்டிய இடத்தில் பேனலுக்கும், பேனலை மாற்ற வேண்டிய இடத்தில் புதுக் கணினிக்கும் மக்கள் பணம் கொடுக்கிறார்கள்.

பின்விளக்கைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஏறத்தாழ 2010 வரை வந்த மடிக்கணினிகள் பலவற்றில் பின்விளக்காக இருந்தது மெல்லிய கண்ணாடிக் குழல் விளக்கு. அது எரியச் சில நூறு வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். அதை உண்டாக்க இன்வெர்ட்டர் எனும் சிறிய பலகை திரைக்குக் கீழே இருந்தது. அந்தத் தலைமுறைக் கணினிகளில் திரை மங்கிவிட்டால் பல நேரம் இன்வெர்ட்டரை மாற்றினாலே போதும். குழலுக்குள் சிறிதளவு பாதரசம் இருப்பதால் உடைந்த பழைய பேனலைக் குப்பைத்தொட்டியில் வீசுவது தவறு. பிறகு எல்.இ.டி. விளக்குகள் வந்தன. இன்வெர்ட்டர் மறைந்தது, பாதரசம் போனது, பேனல் மெலிந்தது, மின்செலவும் குறைந்தது. குழல் விளக்குப் பேனல் இருந்த இடத்தில் எல்.இ.டி. பேனலை அப்படியே செருகிவிட முடியாது. இரண்டுக்கும் மின் இணைப்பு வேறு. மிகப் பழைய கணினி வைத்திருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு இது.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். பல வருடங்களுக்கு முன் வாங்கிய கணினிக்கு இன்றும் கடையில் திரை கிடைப்பது எப்படி? மூடிமேல் பெயர் பொறித்திருக்கும் நிறுவனம் பொதுவாகத் திரையைத் தயாரிப்பதில்லை. எல்ஜி டிஸ்ப்ளே, ஏயூ ஆப்ட்ரானிக்ஸ், இன்னோலக்ஸ், பிஓஇ போன்ற சில நிறுவனங்கள்தாம் உலகின் மடிக்கணினித் திரைகளில் பெரும்பாலானவற்றைச் செய்கின்றன. பேனல்கள் பெரிய கண்ணாடித் தாள்களில் ஒருசேர உருவாகி, பிறகு துண்டுகளாக வெட்டப்படுகின்றன. எட்டரைத் தலைமுறை என்று அழைக்கப்படும் ஆலைகளில் அந்தத் தாளின் அளவு 2,200 க்கு 2,500 மில்லிமீட்டர். தாள் வீணாகாமல் வெட்ட வேண்டும் என்பதால் ஆலைகள் சில அளவுகளையே திரும்பத் திரும்பச் செய்கின்றன. கணினி நிறுவனங்களுக்கும் ஒரே ஆலையை நம்பியிருக்க விருப்பமில்லை. ஓர் ஆலையில் சரக்கு தீர்ந்தால் இன்னோர் ஆலையில் வாங்க வேண்டும். அதற்காக எஸ்.பி.டபிள்யூ.ஜி. என்ற கூட்டுக் குழுவை அமைத்து, பேனலின் வெளி அளவு, திருகாணித் துளைகள், இணைப்பு முனை ஆகியவற்றுக்குப் பொதுத் தரம் வகுத்தார்கள். தங்கள் கொள்முதல் வசதிக்காக அவர்கள் செய்த ஏற்பாடு, பல வருடம் கழித்து நமக்குப் பயன்படுகிறது. ஏசர் கணினியில் இருந்த 15.6 அங்குலப் பேனல் லெனோவோவிலும் எச்பியிலும் பொருந்துவது இதனால்தான். சென்னை ரிச்சி தெருவிலும் டெல்லி நேரு பிளேஸிலும் பெங்களூரு எஸ்.பி. சாலையிலும் சிறு கடைக்காரர் ஒருவர் சில வகைப் பேனல்களை மட்டும் அடுக்கி வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கணினி மாடல்களுக்கு உயிர் கொடுக்க முடிவதும் இதனால்தான்.

பொதுத் தரம் இருப்பதால் எந்தப் பேனலும் எந்தக் கணினியிலும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. கணினியின் மாடல் பெயரை மட்டும் சொல்லிப் பேனல் வாங்கினால் ஏமாற வாய்ப்புண்டு. ஒரே மாடலை நிறுவனம் இரண்டு மூன்று வகைப் பேனல்களோடு விற்றிருக்கும். பழைய பேனலைக் கழற்றி, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குவதே சரியான முறை. அந்த எண்ணின் தொடக்க எழுத்துகள் தயாரிப்பாளரைக் குறிக்கும்; நடுவில் வரும் 156 என்பது 15.6 அங்குலத்தையும் 140 என்பது 14 அங்குலத்தையும் குறிக்கும். அளவுக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது இணைப்பு முனை. முந்தைய எல்.இ.டி. பேனல்களில் பெரும்பாலும் 40 ஊசிகள் கொண்ட எல்.வி.டி.எஸ். இணைப்பு இருந்தது. இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி நிறுவனங்கள் 2010 டிசம்பரில் அதைக் கைவிடப்போவதாகக் கூட்டாக அறிவித்த பிறகு, 30 ஊசிகள் கொண்ட இ.டி.பி. இணைப்பு பரவியது. ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாது. பிறகு, பேனலைத் தாங்கும் காதுகள் மேலும் கீழும் இருக்கின்றனவா, பக்கவாட்டில் துளைகளாக இருக்கின்றனவா, அல்லது எதுவுமில்லாமல் பசை நாடாவால் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பேனலில் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் மாறித் தெரியும் என்றால், அதே அளவும் அதே இணைப்பும் உள்ள ஐ.பி.எஸ். வகைப் பேனல் கிடைக்கிறதா என்று விசாரிக்கலாம். பல மாடல்களில் முன்பு இருந்ததைவிட நல்ல திரையே அமைந்துவிடும். கடைக்காரர் முன்னிலையில் பேனலை எரியவிட்டு, வெள்ளைத் திரையிலும் கறுப்புத் திரையிலும் செத்த புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

மாற்றும் வேலை அதிசய வித்தை எதுவும் இல்லை. முதலில் கணினியை முழுமையாக அணைத்துவிட்டு சார்ஜரைப் பிடுங்க வேண்டும். பேட்டரி வெளியே கழற்றும் வகையாக இருந்தால் கழற்ற வேண்டும். உள்ளே இருந்தால் அடிமூடியைத் திறந்து அதன் இணைப்பை எடுத்துவிட வேண்டும். இந்த ஒரு படியைத் தவிர்த்துவிட்டு வேலையைத் தொடங்குபவர்கள்தாம் பெரும்பாலும் நஷ்டப்படுகிறார்கள். மின்சாரம் இருக்கும்போது திரைக் கேபிளைச் செருகினால், கோணலாகப் படும் ஓர் ஊசி மதர்போர்டில் பின்விளக்குக்கான சிறு ஃபியூஸை எரித்துவிடும். அதன்பின் புதுப் பேனலும் இருட்டாகவே இருக்கும். பேட்டரியை எடுத்த பிறகு திரையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தைத் திறக்கலாம். ரப்பர் மூடிகளுக்குக் கீழே திருகாணிகள் ஒளிந்திருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு, உபயோகம் முடிந்த பிளாஸ்டிக் அட்டை ஒன்றை இடுக்கில் செருகி மெல்ல நெம்பினால் சட்டம் கிளிப் கிளிப்பாக விடுபடும். பேனலின் திருகாணிகளை எடுத்து, அதை விசைப்பலகைமேல் குப்புறச் சாய்த்து, பின்னால் உள்ள ஒட்டுநாடாவை உரித்து, இணைப்பை நேராக வெளியே இழுக்க வேண்டும். கேபிளைப் பிடித்து இழுக்கக் கூடாது. முனையைப் பிடிக்க வேண்டும். புதுப் பேனலை இணைத்ததும், சட்டத்தை மூடுவதற்கு முன் ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் மின்சாரத்தைத் துண்டித்த பிறகே மூட வேண்டும். பழகிய கைக்கு அரைமணி நேர வேலை. கை நடுங்குபவர்கள் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. நம்பகமான பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கலாம். அப்போதும் இந்தப் படிகளைத் தெரிந்து வைத்திருப்பவரிடம் யாரும் மதர்போர்டே போய்விட்டது என்று சுலபத்தில் சொல்லிவிட முடியாது. திரையை மாற்ற உங்கள் கடவுச்சொல் தேவையில்லை என்பதையும் மறக்கக் கூடாது. கடவுச்சொல் கேட்கும் பக்கம் தெளிவாகத் தெரிந்தாலே திரை சரியாகிவிட்டது என்று பொருள்.

இதற்கு முதலில் எழும் மறுப்பு பணத்தைப் பற்றியது. விற்றால் ஏழெட்டாயிரம்கூடத் தேறாத பழைய கணினிக்கு ஐயாயிரம் செலவழிப்பது புத்திசாலித்தனமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமாகத் தோன்றினாலும் ஒப்பீடு தவறான இடத்தில் நிற்கிறது. கணினியை நாம் விற்கப்போவதில்லை, பயன்படுத்தப்போகிறோம். ஆகவே பழுதுச் செலவை அதன் விற்பனை விலையோடு ஒப்பிடக் கூடாது. அதே வேலைக்கு வேறு கணினி வாங்க ஆகும் செலவோடு ஒப்பிட வேண்டும். சாதாரண 15.6 அங்குலப் பேனலும் கூலியும் சேர்ந்து 5,000 ரூபாய் ஆகிறது, புதுக் கணினி 35,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புதியது ஆறு வருடம் உழைத்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 5,800 ரூபாய். அப்படியென்றால் திரை மாற்றிய பழைய கணினி பதினோரு மாதம் ஓடினாலே போட்ட பணம் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு மாதமும் லாபம். கல்லூரிக் கட்டணத்துக்கே கடன் வாங்கும் குடும்பத்தில், 35,000 ரூபாயை இரண்டு வருடம் தள்ளிப்போட முடிவது சிறிய விஷயம் இல்லை. தமிழ்நாட்டில் 2011 முதல் அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் விலையில்லா மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அது. அத்தகைய வீட்டில் திரை உடைவது என்பது ஒரே கணினியும் இல்லாமல் போவது. அங்கே பேனலின் விலைக்கும் புதுக் கணினியின் விலைக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் படிப்பு தொடர்வதையும் நிற்பதையும் முடிவு செய்கிறது.

இரண்டாவது மறுப்பு, பழைய கணினி மெதுவாக இருக்கிறது, மென்பொருள் ஆதரவும் முடிந்துவிட்டது என்பது. இதில் உண்மை உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஓடுவதற்கு டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். அந்த வரம்புக்குள் வராத கணினிகள் உலகெங்கும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் விண்டோஸ் ஒன்றே வழி இல்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் அந்தக் கணினிகளில் பாதுகாப்புப் புதுப்பிப்புகளோடு ஓடுகின்றன. இணையம், மின்னஞ்சல், காணொளி வகுப்பு, எழுத்துவேலை, கணக்குத்தாள் எல்லாவற்றுக்கும் அவை போதும். தமிழ்99 விசைப்பலகையும் அவற்றில் இயங்கும். மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் சுழலும் ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் கணினி இயங்கத் தொடங்கும் நேரம் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு என்று கனமான வேலை செய்பவருக்குப் புதுக் கணினி தேவைதான். அந்தத் தேவையைத் திரை உடைவதற்கு முன்பே அவர் உணர்ந்திருப்பார். திரை உடைந்த நாளில்தான் ஒருவருக்கு அந்தத் தேவை தோன்றுகிறது என்றால், அது தேவையா, எரிச்சலில் எடுக்கும் முடிவா என்று ஒருமுறை நிதானமாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டுக் கணக்கைத் தாண்டிய கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஒரு மடிக்கணினி தன் ஆயுள் முழுவதும் ஏற்படுத்தும் கரிம உமிழ்வில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது என்பதை நிறுவனங்களே தங்கள் அறிக்கைகளில் சொல்கின்றன. சில்லு செய்வதிலும் கண்ணாடி வார்ப்பதிலும் உலோகம் பிரிப்பதிலும் செலவாகும் ஆற்றல் அது. மின்சிக்கனமான புதுக் கணினியை வாங்கி அந்தக் கடனை அடைத்துவிடலாம் என்று எண்ண முடியாது. மடிக்கணினி உட்கொள்ளும் மின்சாரமே குறைவு, அதில் மிச்சப்படுத்த அதிகம் இல்லை. உள்ளதை நீண்ட நாள் வைத்திருப்பதே அந்தக் கடனைப் பல வருடங்களில் பரப்பும் வழி. ஐ.நா. அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட உலக மின்னணுக் கழிவு அறிக்கையின்படி, 2022-ல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். மீதியில் கணிசமான பகுதி காயலான் கடைகளுக்கும், கம்பியைத் தீயில் பொசுக்கிச் செம்பு எடுக்கும் கொட்டகைகளுக்கும் போகிறது. அந்தப் புகையை அங்கே வேலை செய்பவர்களும் அவர்களின் குழந்தைகளும் சுவாசிக்கிறார்கள். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு மேலாண்மை விதிகள், கழிவை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்துகின்றன. நல்ல விதிதான். ஆனால் மறுசுழற்சி என்பது பொருள் செத்த பிறகு நடப்பது. உடைந்த பேனலை மட்டும் கழிவாக்கி மீதிக் கணினியை வேலையில் வைத்திருப்பது, எந்த மறுசுழற்சி ஆலையும் தர முடியாத பலனைத் தருகிறது.

மூன்றாவது மறுப்பு தயாரிப்பாளர்களிடமிருந்து வருகிறது. கணினி மெலிதாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டுமென்றால் திரையைப் பசையால் ஒட்டித்தான் ஆக வேண்டும், எல்லாவற்றையும் கழற்றும்படி செய்தால் கனத்துவிடும் என்கிறார்கள். ஆப்பிள் 2012-ல் ரெட்டினா திரை கொண்ட மேக்புக் ப்ரோவைக் கொண்டுவந்தபோது திரையும் மூடியும் ஒரே பாகமாகிவிட்டன. கண்ணாடி போனால் மூடியையே மாற்ற வேண்டும். 2016 மாடலில் திரைக்குப் போகும் மெல்லிய கேபிளும் அந்தப் பாகத்தோடு சேர்ந்தே வந்தது. மூடியைத் திறந்து மூடுவதில் அந்தக் கேபிள் தேய்ந்து பின்விளக்கு பழுதானபோது, சில்லறை விலைக் கேபிளுக்காக முழு மூடியையும் மாற்ற நேர்ந்தது. புகார்கள் பெருகிய பின் 2019 மே மாதம் 13 அங்குல மாடல்களுக்கு இலவசப் பழுதுத் திட்டத்தை ஆப்பிளே அறிவித்தது. இணைத்துவிட்ட வடிவமைப்பு வாங்குபவருக்கு மட்டுமின்றிச் செய்பவருக்கும் செலவு வைக்கும் என்பதை இதிலிருந்து அறியலாம். மறுபக்கம், 2021-ல் சந்தைக்கு வந்த ஃபிரேம்வொர்க் மடிக்கணினியில் திரைச் சட்டம் காந்தத்தால் நிற்கிறது; கையால் எடுத்துவிட்டுத் திரையை மாற்றலாம். அதன் தடிமன் 16 மில்லிமீட்டர்கூட இல்லை. லெனோவோவின் திங்க்பேட் டி14 கணினியின் 2024 மாடலுக்குப் பழுதுபார்க்கும் எளிமையில் ஐஃபிக்ஸிட் நிறுவனம் 10-க்கு 9 மதிப்பெண் கொடுத்தது. லெனோவோ, டெல், எச்பி ஆகியவை தங்கள் பல மாடல்களின் பழுதுபார்ப்புக் கையேடுகளை யாரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கின்றன. மெல்லிய கணினிக்கும் மாற்றக்கூடிய திரைக்கும் பகை இல்லை. ஒட்டுவதா, திருகாணி போடுவதா என்பது இயற்கையின் கட்டாயம் அல்ல, வடிவமைப்பாளரின் தேர்வு. அந்தத் தேர்வைக் கேள்வி கேட்கும் உரிமை பணம் கொடுப்பவருக்கு உண்டு.

சில நாடுகள் அந்தக் கேள்வியைச் சட்டமாக்கத் தொடங்கியிருக்கின்றன. பிரான்ஸில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களின் விலைச்சீட்டுக்கு அருகே, அதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று 10-க்கு மதிப்பெண் காட்ட வேண்டும். கழற்றும் எளிமை, கையேடு கிடைப்பது, உதிரிபாகம் கிடைப்பது, அதன் விலை ஆகியவற்றை வைத்து அந்த மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் பழுதுபார்ப்பு உரிமைக்கான ஆணையைப் பிறப்பித்தது. அதன் முதல் பட்டியலில் துணி துவைக்கும் இயந்திரமும் கைப்பேசியும் இருந்தன, மடிக்கணினி இல்லை. இந்தியாவில் நுகர்வோர் நலத்துறை 2022-ல் ஒரு குழுவை அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் பழுதுபார்ப்பு உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. கையேடுகளையும் சேவை மையங்களின் விவரங்களையும் ஒரே இடத்தில் பார்க்க அது உதவுகிறது. ஆனால் நியாயமான விலைக்குப் பேனலை விற்கும்படி ஒரு நிறுவனத்தைக் கட்டாயப்படுத்த ஓர் இணையதளத்தால் முடியாது. விலைச்சீட்டில் மதிப்பெண் கட்டாயமானால், வாங்கும்போதே மக்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மதிப்பெண் குறைந்த மாடல் கடையில் தேங்கும். அரசு தன் திட்டங்களுக்காகக் கணினி கொள்முதல் செய்யும்போதும், இத்தனை வருடம் பேனலும் பேட்டரியும் தனியாகக் கிடைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். லட்சக்கணக்கில் வாங்குபவரின் நிபந்தனையை எந்த நிறுவனமும் அலட்சியம் செய்யாது.

திரையை மாற்றக் கூடாத நேரங்களும் உண்டு. பேட்டரி வீங்கி, கீல் பிடுங்கி, மதர்போர்டும் தடுமாறும் கணினியில் புதுப் பேனல் போடுவது வீண். குழல் விளக்குக் காலத்துப் பேனல்களை இப்போது தயாரிப்பதில்லை. கிடைப்பவை பெரும்பாலும் பழைய கணினிகளிலிருந்து கழற்றியவை. தொடுதிரைகளிலும், மூடியோடு ஒன்றாகிவிட்ட திரைகளிலும் செலவு பலமடங்கு ஏறும். அங்கே கணக்குப் போட்டுப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். கணினியை வீட்டைவிட்டு வெளியே எடுத்துச் செல்லாதவர், பழைய மானிட்டர் ஒன்றை வாங்கி இணைத்துக்கொண்டால் அது இன்னும் மலிவு. இவை எல்லாம் விதிவிலக்குகள். அவற்றைக் காட்டி, நல்ல நிலையில் உள்ள கணினியையும் ஒதுக்கிவைப்பது நியாயமாகாது.

திரை உடைந்தால் உடனே கடைக்குப் போய்ப் புதுக் கணினியின் விலை கேட்காதீர்கள். முதலில் தொலைக்காட்சியோடு இணைத்துப் பாருங்கள். கோளாறு திரையில்தான் என்றால், பேனலின் முதுகிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டு மூன்று கடைகளில் விசாரியுங்கள். பழைய பேனலை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி மையத்தில் கொடுங்கள். அடுத்த கணினி வாங்கும் நாளில், எவ்வளவு மெலிது, எவ்வளவு வேகம் என்ற கேள்விகளோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: இதன் திரையைத் தனியாக மாற்ற முடியுமா? அந்தப் பேனலின் விலை என்ன? எத்தனை வருடம் கிடைக்கும்? பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். பதில் சொல்ல மறுக்கும் நிறுவனத்தின் கணினியை வாங்கவே வாங்காதீர்கள்.